வாடகை உயர்வுக்கு எல்லை எங்கே? 1972ஆம் ஆண்டுச் சட்டமும் இடம்பெயர்ந்தோரின் வீடுகளும்

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்னமும் சொந்தக் காணிக்குத் திரும்பவில்லை. முகாம், உறவினர் வீடு, பிறகு வாடகை வீடு என்று அவர்களின் காலம் கழிகிறது. உடன்படிக்கை முடியும் ஒவ்வொரு தடவையும் அவர்கள் முன் ஒரே கேள்விதான் எழுகிறது. வீட்டுக்காரர் கேட்கும் புதிய வாடகையை மறுக்கச் சட்டத்தில் இடமுண்டா?

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அச்சட்டத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு அனுமதிக்கப்பட்ட வாடகை ஒன்று உண்டு. அதற்கு மேல் கேட்கவோ வாங்கவோ உரிமையாளருக்கு உரிமையில்லை. சட்டம் குறிப்பிடும் காரணங்கள் இல்லாமல் வாடகைக்காரரை வெளியேற்றவும் முடியாது.

ஆனால் 1980ஆம் ஆண்டுத் திருத்தம், அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் திகதிக்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்பு வீடுகளை இந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. வடக்கில் இதன் விளைவு கனமானது. சட்டம் பாதுகாத்த பழைய வீடுகளில் பலவற்றைப் போர் தரைமட்டமாக்கியது. அவற்றின் இடத்தில் புதிதாக எழுந்த வீடுகள் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. வீட்டை இழந்தவர் வாடகைக்குப் போகும் வீடும் பெரும்பாலும் அத்தகையதே.

அங்கே வாடகைக்கு எல்லை போடுவது உடன்படிக்கை மட்டுமே. ஒரு வருடத்துக்கு எழுதினால், உடன்படிக்கையில் இடமில்லாவிட்டால் அந்த வருடத்துக்குள் வாடகையை உயர்த்த முடியாது. காலம் முடிந்ததும் எந்தத் தொகையையும் கேட்கலாம். வாய்ப்பேச்சில் இருப்பவரின் நிலை இன்னும் பலவீனமானது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்கிறது 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். அது இல்லாதபோது மாத வாடகை உறவே எஞ்சுகிறது. ஒரு மாத அறிவித்தலோடு அதை முடித்துவிடலாம்.

உரிமையாளர் பக்கத்திலும் ஒரு அச்சம் உண்டு. வாடகைக்காரரை எழுப்ப முடியாமல் ஆண்டுக்கணக்கில் வழக்காடிய அனுபவங்கள் பலரை வீட்டைப் பூட்டிவைக்கச் செய்தன. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். குத்தகைக்குக் கொடுத்த வீட்டை விரைவாக மீட்க வழிசெய்யும் 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் இந்த அச்சத்துக்கான பதில். ஆனால் உரிமையாளருக்கு விரைவான வழி திறந்த அரசு, புதுப்பிக்கும்போது வாடகை எவ்வளவு உயரலாம் என்பதற்கு வரம்பு எதையும் அதில் வைக்கவில்லை.

ஆகவே இப்போதைக்கு எல்லையை நாமே எழுத வேண்டியிருக்கிறது. கையெழுத்திடும் முன் மூன்று விடயங்களைக் கேளுங்கள். புதுப்பிக்கும் உரிமை வாடகைக்காரருக்கு உண்டா? அப்போது வாடகை எத்தனை சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது? முற்பணம் எப்போது, எந்தக் கழிவோடு திரும்பக் கிடைக்கும்? வீடு தேவைப்படும் அவசரத்தில் இவற்றைக் கேட்பது கடினம். ஆனால் பேரம்பேசக் கிடைக்கும் நேரம் அதுதான். கொடுத்த ஒவ்வொரு வாடகைக்கும் பற்றுச்சீட்டு வாங்கி வைத்திருங்கள்.

கூடிய வாடகைக்குச் சம்மதிக்காதவரைப் பூட்டை மாற்றிப் பலவந்தமாக வெளியேற்ற உரிமையாளருக்கு அதிகாரமில்லை. அப்படி நடந்து அமைதிக்குப் பங்கம் ஏற்படும் நிலை வந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றத்தை நாடலாம். வெளியேற்றப்பட்ட இரண்டு மாதங்களுக்குள் வழக்கு அங்கே போய்ச்சேர வேண்டும் என்பதால் தாமதிக்கக் கூடாது. வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம்.

இவை தற்காப்பு மட்டுமே. காணியை அரசு வைத்திருப்பதால் வாடகைக்கு இருப்பவரை, விரும்பி வாடகைக்கு வந்தவரோடு ஒன்றாக வைத்து 'சந்தை தீர்மானிக்கட்டும்' என்று விடுவது நியாயமல்ல. காணி விடுவிக்கப்படும்வரை அந்தக் குடும்பங்களின் வாடகையில் ஒரு பங்கை அரசு ஏற்க வேண்டும். அந்தச் சுமையை வீட்டுக்காரர் மீதும் ஏற்றக்கூடாது. காணியைத் திருப்பிக் கொடுப்பதைத் தாமதிப்பவர்தான் அந்தத் தாமதத்தின் செலவையும் சுமக்க வேண்டும்.