திரையில் நாடி பிடிக்கலாமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன்)

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரைகள் வரவேற்கப்படுகின்றன என்று அறிவிப்புப் பலகையில் கண்டதும், வேதியியல் மாணவனாகிய நான் ஏதாவது ஒரு தனிமத்தைப் பிடித்துக்கொண்டு எழுதுவேன் என்றுதான் வகுப்புத் தோழர்கள் எண்ணினார்கள். நானோ செவிலியர் படிப்பைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். "உனக்கும் நர்ஸ் படிப்புக்கும் என்னடா சம்பந்தம்?" என்று, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை தினமும் என்னோடு பேருந்தில் தொங்கிக்கொண்டு வரும் நண்பன் கேட்டான். சம்பந்தம் என் அக்காதான்.

எங்கள் வீடு தறி வீடு. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்குப் போகிறது என்பதை நம் பேராசிரியர்கள் அறிவார்கள். அந்தத் துணியைக் கூலிக்கு நெய்பவர் என் அப்பா. எங்கள் குடும்பத்தில் பட்டப் படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். அதுவும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஓராண்டு தறியில் நின்றுவிட்டுத்தான் வந்தேன். அக்கா எனக்கு மூத்தவள். 2019-ல் வெளி மாவட்டத்தில் மூன்றாண்டுச் செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தாள். சேர்ந்து சில மாதங்கள்கூட நிறையவில்லை. 2020 மார்ச் 25-ல் நாடே அடைபட்டது. விடுதியைக் காலி செய்துகொண்டு ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஸ்டெதஸ்கோப்போடும் வீடு வந்து சேர்ந்தாள்.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த இருநூறாவது ஆண்டு என்பதால், உலக சுகாதார நிறுவனம் 2020-ஐச் செவிலியர், மருத்துவச்சியர் ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த அம்மையார் 1860-ல் லண்டனில் செவிலியர் பள்ளியைத் தொடங்கியபோது அதை செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்கு உள்ளேயேதான் அமைத்தார். படிப்பவள் நோயாளியின் கட்டிலருகே நின்று படிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அவரைக் கொண்டாட ஒதுக்கிய ஆண்டிலேயே செவிலிய மாணவிகள் கட்டிலும் இல்லாமல், நோயாளியும் இல்லாமல், வீட்டு மூலையில் கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார நேர்ந்தது.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கைபேசி. நான் அப்போது பத்தாம் வகுப்பு. எனக்காவது கல்வித் தொலைக்காட்சி இருந்தது. அக்காவுக்கு அந்தக் கைபேசியை விட்டால் வேறு வழியில்லை. நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. என்று அப்பா போட்டுத் தந்த கட்டணம் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் தீர்ந்துபோகும். பிறகு 2021 ஜனவரியில் தமிழக அரசு 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு நான்கு மாதங்களுக்கு நாள்தோறும் 2 ஜி.பி. இலவசமாகத் தருவதாக அறிவித்தது. நல்ல காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் டேட்டா என்பது பள்ளிக்கூடத்துக்குப் போகும் சாலை மாதிரி. சாலை போட்டுவிட்டால் பிள்ளை படித்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே!

வகுப்பு எப்படி நடந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். ஒரு மணி நேரம் திரையில் எழுத்துகள் ஓடும். ஒரு குரல் அதை வாசிக்கும். தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் வருகைப் பதிவு. இடையில் என்ன நடந்தாலும் கேட்பாரில்லை. அக்கா முதல் ஒரு மாதம் குறிப்பெடுத்தாள். அடுத்த மாதம் கேட்டுக்கொண்டே தார் சுற்றினாள். அதற்கடுத்த மாதம் தார் மட்டும் சுற்றினாள்; பெயர் கூப்பிடும்போது ஓடிவந்து "பிரசன்ட் மேடம்" என்பாள். என் அக்கா சோம்பேறி அல்லள். பன்னிரண்டாம் வகுப்பில் தெருவே மெச்சும்படி மதிப்பெண் வாங்கியவள். வகுப்பு அவளிடம் எதையும் கேட்கவில்லை, தறி கேட்டது, அவ்வளவுதான்.

2020 அக்டோபரில் ஒரு நாள் காலை, பக்கத்து வீட்டுப் பெரியம்மா தலை சுற்றுகிறது என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். "நர்ஸுக்குப் படிக்கிற பிள்ளை இருக்கே, கூப்பிடுங்க" என்றார்கள். அக்கா ஓடினாள். பெரியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து, என் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினாள். தொண்ணூற்றுச் சொச்சம். "நாடி நல்லாத்தான் இருக்கு பெரியம்மா, கொஞ்ச நேரம் படுங்க" என்றாள். பெரியம்மா படுத்தார்கள். மாலையில் மறுபடி எழுந்திருக்க முடியாமல் போய், ஆட்டோ வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே பார்த்தபோது நாடி நிமிடத்துக்கு ஐம்பதுகூட இல்லை. அங்கிருந்த வயதான செவிலியர் அக்காவைப் பார்த்து, "எப்படிம்மா பிடிச்ச? காட்டு" என்றார். அக்கா பிடித்துக் காட்டினாள், கட்டைவிரலால்.

கட்டைவிரலில் நமக்கே ஒரு நாடி ஓடுகிறது. அதனால்தான் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களின் நுனியால் பிடிக்கவேண்டும் என்பது முதலாண்டுப் பாடத்திலேயே உள்ளது. அக்கா எண்ணியது பதற்றத்தில் அடித்துக்கொண்டிருந்த தன்னுடைய நாடியை! அந்தப் பாடம் திரையில் வந்தபோது அவள் வகுப்பில் "பிரசன்ட்" ஆகத்தான் இருந்தாள். தேர்வில் கேட்டிருந்தால் சரியாக எழுதியும் இருப்பாள். பெரியம்மா பிழைத்துக்கொண்டார்கள், இன்றைக்கும் எங்களுக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிறார்கள். ஆனால் அன்றிரவு அக்கா தறிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. "இனிமே இந்தப் படிப்பு வேண்டாம்டா" என்றாள்.

அவளை மீட்டது ஓர் ஆசிரியை. அவரும் அதே கைபேசிக்குள்தான் வந்தார். இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வருகிறேன். பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

அவருடைய முதல் வகுப்பில் அக்காவைக் கேள்வி கேட்டிருக்கிறார். அக்கா பதில் சொல்ல மைக்கைத் திறந்ததும், டக்கு டக்கென்று தறிச் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். வேறொருவராக இருந்தால் "மைக்கை மூடு" என்றிருப்பார். அப்படிப் பலமுறை கேட்டிருக்கிறோம். இவர், "என்னம்மா அது சத்தம்?" என்றார். "தறி மேடம். பேண்டேஜ் துணி நெய்றோம்." ஒரு கணம் பேச்சில்லை. பிறகு, "அப்ப நாளைக்குப் பேண்டேஜ் கட்டுற பாடத்தை நீதான் எடுக்கணும்" என்றார்.

மறுநாள் நான்தான் நோயாளி. என் கணுக்காலில் எட்டு வடிவக் கட்டு, முன்கையில் சுருள் கட்டு, தலையில் தொப்பிக் கட்டு. அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கைபேசியைப் பிடித்துக்கொண்டார். கட்டு நழுவியபோது ஆசிரியை திருத்தினார். மற்ற மாணவியர் அவரவர் வீட்டுத் தம்பி தங்கைகளின் காலில் பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இடையில் ஒரு மாணவி, தறியிலிருந்து வரும் துணியையே காயத்துக்கு வைக்கலாமா என்று கேட்டாள். அக்கா ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, தறித்துணித் துண்டு ஒன்றையும், சலவையாகி வந்த துண்டு ஒன்றையும் போட்டாள். சலவைத் துணி சில வினாடிகளில் மூழ்கிற்று. தறித்துணி மிதந்தது. பருத்தியின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு. காரத்தில் வேகவைத்து அதை நீக்கி வெளுத்தால்தான் துணி நீரையும் இரத்தத்தையும் உறிஞ்சும். (நான் பிறகு வேதியியல் எடுத்ததற்கு அந்தக் கிண்ணமும் ஒரு காரணம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.) நாற்பது பெண்களும் அன்று வகுப்பு முடிந்த பிறகும் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

அந்த ஆசிரியை பெரிய கருவி எதையும் கொண்டுவரவில்லை. வகுப்பை எட்டெட்டுப் பேராகப் பிரித்தார். இருபது நிமிடம்தான் பேசுவார். மீதி நேரம் கைக்கு வேலை. வீட்டில் உள்ள அனைவரின் நாடியும் மூச்சும் எண்ணி எழுதவேண்டும். மூன்று விரலால் பிடித்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பவேண்டும். முதல் நாள் நடந்த பாடத்தை, மருத்துவமனையில் பணி மாறும்போது ஒரு செவிலியர் அடுத்தவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பதைப்போல, ஒரு மாணவி இரண்டு நிமிடத்தில் வகுப்பிடம் ஒப்படைக்கவேண்டும். யார் பெயர் வரும் என்று தெரியாது. செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த ஒரு தோழிக்குப் படமே வராது. அவளுக்குக் குரல் பதிவாக அனுப்பிவிட்டு, வாரம் ஒருமுறை சாதாரண அழைப்பில் பேசுவார்.

சலைன் கணக்கு என்றாலே அக்காவுக்கு நடுக்கம். 500 மில்லி லிட்டரை 8 மணி நேரத்தில் ஏற்றவேண்டும்; குழாயில் 15 சொட்டு ஒரு மில்லி லிட்டர்; நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 7500-ஐ 480-ஆல் வகுத்தால் 15.6, அதாவது 16 சொட்டு. விடை வந்ததும் மற்றவர்கள் அடுத்த கணக்குக்குப் போவார்கள். இவரோ, "இப்ப சமையலறைக் குழாயை அந்த அளவுக்குத் திறந்து வைங்க, ஒரு நிமிஷம் எண்ணுங்க" என்றார். அன்று எங்கள் வீட்டில் தண்ணீர் வரும் முறை இல்லை. அம்மா ஒரு பாலிதீன் பையில் நீரை நிரப்பி ஊசியால் குத்தித் தந்தார். ஏறக்குறைய நான்கு வினாடிக்கு ஒரு சொட்டு விழும்படி செய்ய அக்கா ஆறு பைகளைப் பாழாக்கினாள். இன்று அவள் வேலை பார்க்கும் வார்டில் சொட்டைப் பார்த்தே வேகத்தைச் சொல்லிவிடுகிறாளாம்.

செவிலியர் படிப்பைத் திரையில் நடத்துவதே தவறு, அதில் கவனத்தைத் தக்கவைப்பது பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். பாதி உடன்படுகிறேன். தசைக்குள் போடும் ஊசிக்கு 90 பாகை, தோலுக்கடியில் போடுவதற்கு 45 பாகை என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். ஊசி இறங்கும் நொடியில் நோயாளி கையை இழுத்துக்கொள்வதை எந்தத் திரை கற்றுத்தரும்? வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கிய நாள் முதல் அந்தப் படிப்பு வார்டிலேயே வளர்ந்தது. ஆயினும் 2021 மே 3-ல், இரண்டாம் அலையின் உச்சத்தில், தேர்வுக்குக் காத்திருந்த இறுதியாண்டுச் செவிலிய மாணவர்களைக் கொரோனா பணியில் ஈடுபடுத்தலாம் என்று மத்திய அரசு அறிவித்ததே! ஓராண்டாகத் திரையில் படித்தவர்களை நாடு அழைத்தது. அப்போது அவர்களுடைய திரை வகுப்புகள் எப்படி நடந்திருந்தன என்பது நோயாளிக்கு உயிர்ப் பிரச்சினை. வார்டு கிடைக்கவில்லை என்பதால் வகுப்பை வாசிப்பாக்கிவிட்டால், இரண்டும் போயிற்று.

கேமராவைத் திறந்து வைக்கச் சொல்வதால் கவனம் வந்துவிடும் என்று எண்ணும் ஆசிரியர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஒற்றை அறை வீட்டில், அம்மா துணி மாற்றும் மறைவும் அதுவே, பாட்டி படுத்திருக்கும் இடமும் அதுவே என்றிருக்கும்போது, கேமரா திறந்த பெண் பாடத்தைக் கவனிப்பாளா, பின்னால் யார் வருகிறார்கள் என்று கவனிப்பாளா? முகத்தைக் காட்டச் சொல்லாமல் கையைக் காட்டச் சொல்லலாம். ஆசிரியர்கள் பட்ட பாட்டையும் நான் மறைக்கவில்லை. பதில் பேசாத நாற்பது கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பாடம் நடத்த யார் அவர்களுக்குப் பயிற்சி தந்தார்கள்?

இது முடிந்துபோன கதை, இப்போது எதற்கு என்று கேட்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021-ஆம் ஆண்டு விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தின் வழியே இணையத்தில் படித்துத் தகுதி பெறலாம். மழை விடுமுறை என்றால் நமக்கும் வாட்ஸப்பில் இணைப்பு வருகிறது. சென்ற மழையில் அப்படி ஒரு வகுப்பு வந்தபோது நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைபேசியைத் தறிச் சட்டத்தில் மாட்டிவிட்டு, அறுந்த பாவு இழைகளை முடிந்துகொண்டிருந்தேன். பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்றேன். அக்கா அன்று விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்து, மூன்று விரலால், நாடி பார்த்துவிட்டுப் போனாள்.

எங்கள் துறை ஆசிரியர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அடுத்த மழைக்கு இணைப்பு அனுப்பும்போது, செம்பருத்திப் பூவும் எலுமிச்சம்பழமும் சலவை சோடாவும் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பூவை வெந்நீரில் ஊறவைத்த சாற்றில் எது எந்த நிறம் தருகிறது என்று எங்களைச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுத் தறிச் சத்தம் கொஞ்சம் கேட்கும்.