'இங்கே ஒரு ஃபைட்'

தமிழ்த் திரைக்கதைகள் பலவற்றில் சண்டை வர வேண்டிய இடத்தில் ஒற்றை வரிதான் இருக்கும்: 'இங்கே ஒரு ஃபைட்.' மிச்சத்தை ஸ்டன்ட் மாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்பது ஏற்பாடு. பெரிய படங்களில் இது செல்லுபடியாகிறது. மாஸ்டர் வருவார், ஃபைட்டர்கள் வருவார்கள், ரோப் வரும், உடைவதற்கென்றே செய்த மேசை நாற்காலிகள் வரும். கம்போஸ் செய்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எழுதியவர் அந்த நாட்களில் ஊருக்குப் போய்வரலாம்.

சொந்தக் காசிலும் நண்பர்கள் காசிலும் யூடியூபுக்காக அதிரடித் தொடர் எடுக்கக் கிளம்புகிறவர்களிடமும் இந்தப் பழக்கம் அப்படியே ஒட்டியிருக்கிறது. மாஸ்டர் இல்லை, ரோப் இல்லை, அந்த ஒற்றை வரி மட்டும் இருக்கிறது. முதல் எபிசோடு பார்த்த படங்களின் ஞாபகத்தில் ஓடிவிடும். இரண்டாவது தள்ளாடும். மூன்றாவதில் எழுத்து நின்றுபோகும். கிரியேட்டிவ் பிளாக் என்று அதற்குப் பெயர் வைத்து, பாட்டு கேட்டுப் பார்க்கிறார்கள், மலைக்குப் போய்ப் பார்க்கிறார்கள், இன்னும் நான்கு கொரியத் தொடர்களைப் பார்த்து வைக்கிறார்கள்.

கற்பனை வறண்டுவிட்டதென்று நாம் நினைக்கவில்லை. அதிரடித் தொடரில் கதை நகர்வதே சண்டைக்குள்தான். அதை வெற்றிடமாக விட்டுவிட்டு முன்னும் பின்னும் வசனம் மட்டும் எழுதிக்கொண்டே போனால், அந்த அடிதடியில் யார் எதை இழந்தார்கள், யாருக்கு யார்மேல் பயம் வந்தது என்பது எழுதியவருக்கே தெரியாது. அது தெரியாமல் அடுத்த எபிசோடை எங்கிருந்து தொடங்குவது?

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவும் திரைக்கதையாளர் ஷினொபு ஹஷிமோட்டோவும் இப்படி முட்டி நின்றிருக்கிறார்கள். ஒரு சாமுராயின் ஒரே ஒரு நாளைப் படமாக்குவது முதல் யோசனை. அவன் மதியச் சாப்பாட்டை எங்கே, எப்படிச் சாப்பிட்டான் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. கிடைக்காததால் கதையையே கைவிட்டார்கள். இரண்டாவதாக, புகழ்பெற்ற வாள்வீரர்களின் மோதல்களைத் தொடுத்து ஒரு படம். உச்சக் காட்சிகளை மட்டும் அடுக்கினால் எதுவும் உச்சமாக இருக்காது என்று அதுவும் போயிற்று. (நம்மூர்த் தொடர்களின் முதல் எபிசோடுகளை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) பிறகு வந்தது ஒரு சாதாரணக் கேள்வி: காசில்லாமல் ஊர் ஊராகச் சுற்றிய சாமுராய் சோற்றுக்கு என்ன செய்தான்? வாள் பயிற்சிக் கூடங்களில் சாப்பாடு கிடைக்கும், கோயில்களில் கிடைக்கும், இரண்டும் இல்லாத ஊரில் கொள்ளையர் வராமல் இரவுக் காவல் இருந்தால் குடியானவர்கள் போடுவார்கள் என்று தெரியவந்தது. அப்படியானால் குடியானவர்களே சாமுராய்களை அமர்த்திக்கொண்டால்? இன்னொரு திரைக்கதையாளர் ஹிதேயோ ஒகுனியும் சேர்ந்துகொள்ள, மூவரும் அதாமி ஊரின் ஒரு விடுதியில் 45 நாள் உட்கார்ந்து எழுதியதுதான் 1954இல் வந்த 'ஏழு சாமுராய்'. முதல் கதையைக் கொன்றதும் சோறு, மூன்றாவதைப் பிறப்பித்ததும் சோறு.

உங்கள் தொடரில் வரும் அடியாள் மதியம் எங்கே சாப்பிடுகிறான்? ஐந்நூறு ரூபாய்க் கூலிக்கு வந்தவன் பல் உடையும்வரை நிற்பானா, இரண்டு அடி வாங்கிவிட்டு முதலாளி கண்ணில் படும்படி விழுந்து கிடப்பானா? கூட வந்தவன் அவன் மச்சான் என்றால் யார் முன்னால் நிற்பது? இவற்றுக்குப் பதில் எழுதினாலே நாலு பக்கம் சண்டை வந்துவிடும். கிளைக்கதையும் ஒன்று தானாக முளைக்கும்.

ஆளுக்கு அடுத்தது சண்டை நடக்கும் இடம். அதைப் பற்றிச் சொல்ல இயக்குநர் கேரத் இவான்ஸைவிட நல்ல ஆள் இல்லை. வேல்ஸிலிருந்து இந்தோனேசியாவுக்குப் போய் சிலாட் என்ற தற்காப்புக் கலையைப் பற்றி ஆவணப்படம் எடுத்தபோது அவர் கண்டெடுத்தவர் இக்கோ உவைஸ். அப்போது உவைஸ் ஒரு நிறுவனத்தில் டிரைவர். அவரை நாயகனாக்கி 2009இல் 'மெரன்டாவ்' எடுத்தார். அடுத்து எழுதியது 'பெரண்டால்' என்ற பெரிய சிறைச்சாலை, கும்பல் கதை. ஒன்றரை வருடம் அலைந்தும் பணம் சேரவில்லை. அந்தக் கதையைச் சுருக்கிச் சுருக்கி எலும்புக்கூடாக்கி எடுத்திருக்கலாம். பலரும் செய்வது அதுதான். அவர் அதை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, ஒரே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நடந்து முடிகிற வேறொரு கதையை எழுதினார். ஏறக்குறைய 11 லட்சம் டாலரில் முடிந்து, 2011இல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்ட 'தி ரெய்டு' அது.

ஒரே கட்டடம் என்று முடிவானதும் அவருக்கு மற்றவை தெளிவாகின்றன. மேலே வில்லன், கீழே போலீஸ். வழியெல்லாம் நடைவழிகளும் கதவுகளும். கதவு என்றால் சட்டத்தில் தலை மோதும், நடைவழி என்றால் இரண்டு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் பாய முடியாது, தரையை உடைத்தால் கீழ்வீட்டுக்குப் போகலாம். சண்டையின் வாக்கியங்கள் இவைதான். இவற்றைத் தாளில் மட்டும் எழுதி நிறுத்தவும் இல்லை. இவான்ஸும் உவைஸும் இன்னொரு சண்டை நடிகரான யாயன் ருஹியானும் படப்பிடிப்புக்கு முன்பே முழுச் சண்டைகளையும் சிறு வீடியோ கேமராவில் எடுத்து, வெட்டி ஒட்டிப் பார்த்தார்கள். எழுத முடியாமல் நிற்பவர் செய்யக்கூடிய காரியம் இது. செல்போன் போதும், அடி வேகமாக விழ வேண்டியதும் இல்லை. நடந்து பார்க்கும்போதுதான் நாயகன் சுவரோரம் மாட்டிக்கொண்டான் என்பது தெரியும். மாட்டிக்கொண்டால் என்ன செய்வான் என்ற கேள்வியும் வந்து நிற்கும்.

அந்தப் படத்தில் ருஹியானின் பாத்திரம் எதிராளியைத் துப்பாக்கி முனையில் பிடித்துவிட்டு, துப்பாக்கியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் மோதத் தயாராகிறது. ஒரே செய்கையில் ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. படத்தில் வரும் துப்பாக்கிகளோ செலவு மிச்சம் பிடிக்க வாங்கிய ஏர்சாஃப்ட் பொம்மைகள். தீப்பொறியெல்லாம் பின்னால் கணினியில் சேர்த்தது.

இப்படி வரம்புக்குள் வேலை செய்வதில் எங்களைப் போன்ற சிற்றிதழ்க்காரர்களுக்கு ஒன்றும் புதுமை இல்லை. அச்சில் ஒரு ஃபாரத்துக்குப் 16 பக்கம். பதினேழாவது பக்கம் கேட்டால் இன்னொரு ஃபாரத்தின் காகிதச் செலவு. எங்களைத் திட்டிக்கொண்டே கட்டுரையாளர்கள் வெட்டிக் கொடுத்த பத்திகளை யாரும் தேடியதில்லை.

ஆனால் வறுமையே வரம் என்று பேசத் தொடங்குகிறவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. இவான்ஸின் 'சின்ன' பட்ஜெட் அன்றைய கணக்கில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல். உகாண்டாவின் கம்பாலா நகரத்துக் குடிசைப் பகுதியான வக்கலிகாவில் ஐசக் நப்வானா 2010இல் எடுத்த 'ஹூ கில்டு கேப்டன் அலெக்ஸ்' படத்துக்கு 200 டாலர்கூட ஆகவில்லை என்பார்கள். அவர் செங்கல் அறுத்தவர். பழைய இரும்பில் துப்பாக்கி செய்து, ஆணுறையில் சிவப்புச் சாயம் நிரப்பி ரத்தம் காட்டி, டிவிடியை நடிகர்களே வீடு வீடாகக் கொண்டுபோய் விற்ற கதையை உலகமே ரசித்துச் சொல்கிறது. கணினியில் இடமில்லாமல், அடுத்த படத்துக்காக இந்தப் படத்தின் மூலக் கோப்புகளையே அவர் அழிக்க வேண்டியிருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று நாம் பார்ப்பது படம் முழுக்க வர்ணனை பேசும் பிரதி மட்டுமே. வர்ணனையில்லாத படம் இல்லாமலே போய்விட்டது.

உயிர் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த ஒரு படப்பிடிப்பில், காரைப் புரளச்செய்யும் காட்சியில் அனுபவம் மிக்க ஒரு சண்டைக் கலைஞர் இறந்துபோனார். கற்றுத் தேர்ந்தவருக்கே அப்படி. மாடியிலிருந்து குதிப்பதாக எழுதி வைத்துவிட்டு, நண்பனைக் குதிக்கச் சொல்லாதீர்கள். குதிக்கத் தயங்கி நிற்பவனை எழுதுங்கள். அது இன்னும் நல்ல காட்சி. மூன்றாவது எபிசோடு வரை அதை வைத்தே ஓட்டலாம்.

தொடர் வடிவத்துக்கு ஒரு வசதி உண்டு: களைப்பைச் சேர்த்து வைக்கலாம். 'டேர்டெவில்' தொடரின் இரண்டாவது எபிசோடில், 2015இல், வெட்டே தெரியாமல் ஓடும் நடைவழிச் சண்டையில் நாயகன் மூச்சிரைத்துச் சுவரில் சாய்கிறான். விழுந்தவர்கள் எழுந்து மறுபடியும் வருகிறார்கள். கடத்தப்பட்ட சிறுவனைத் தூக்கிக்கொண்டு அவன் வெளியேறும்போது நம் கண் அவன் காலின் தள்ளாட்டத்தில்தான் இருக்கிறது. நேற்றுப் பட்ட அடி இன்று வலிக்கிறவனுக்கு அடுத்த எபிசோடு தயாராகவே இருக்கும்.

சண்டையைப் படைப்பாக மதிக்க உலகத்துக்கு நாளாயிற்று. நம் தேசிய விருதுகளில் 2016ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான் முதன்முறையாகச் சண்டை அமைப்புக்கு இடம் கொடுத்தார்கள். 'புலிமுருகன்' மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்ன் பெற்றார். ஆஸ்காரோ 2027இல் வெளிவரும் படங்களுக்குத்தான் முதல் விருதைத் தரப்போகிறது. தமிழ் இதற்குக் காத்திருக்க வேண்டிய மொழியே இல்லை. கலிங்கப் போரைச் செயங்கொண்டார் ஒரு பேயின் வாயால் காளிக்குச் சொல்லவைத்தார். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைத்து உண்கின்றன. யார் பார்த்துச் சொல்வது, யாருக்குப் பசி என்ற இரண்டையும் முடிவு செய்துகொண்டு எழுதியவர் அவர்.

எனவே ஓர் அறிவிப்பு. அடுத்த இதழில் எட்டுப் பக்கத்தைச் சண்டைக் காட்சிகளுக்கு ஒதுக்குகிறோம். எடுத்த தொடரிலிருந்தோ எடுக்க முடியாமல் நிற்கும் தொடரிலிருந்தோ ஒரு சண்டையை மட்டும் முழுமையாக எழுதி அனுப்புங்கள். எந்த இடம், எத்தனை கதவு, யாருக்கு என்ன வேண்டும், முடிந்தபின் யார் நிற்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். வசனம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சன்மானம் வழக்கம்போல் இதழின் இரண்டு பிரதிகள். 'இங்கே ஒரு ஃபைட்' என்று எழுதி வருபவை திருப்பி அனுப்பப்படும்; தபால்தலை வைக்க வேண்டாம், அந்தச் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம்.