தோலும் தோல்வியும்

ஆம்பூர்க்காரன் என்று ஆபீஸில் தெரியாமல் சொல்லிவிட்டேன். அன்று பிடித்த சனி. திங்கட்கிழமை ஊரிலிருந்து திரும்பினால் என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கையைத்தான் பார்க்கிறார்கள். 'பார்சல் இல்லையா?' என்று மேனேஜர் கேட்கிறார். 'ஒம்பதாம் நம்பர் ஷூ சீப்பா கிடைக்குமா?' என்று அக்கவுன்ட்ஸ் கேட்கிறார். இருபது வருஷ சர்வீஸில் ஒரு ஜீவன்கூட 'ஊரெல்லாம் சௌக்கியமா?' என்று கேட்டதில்லை.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வித்தியாசமாகக் கேட்டான். "உங்க ஊர்ல கிரிக்கெட் எல்லாம் ஆடுவாங்களா சார்? கிரவுண்டு இருக்கா?"

இருக்காவா! தம்பி, உட்கார்.

உலகத்திலேயே பெரிய கிரவுண்டு எங்களுடையது. மெல்போர்ன், லார்ட்ஸ் எல்லாம் அதன் ஒரு ஓரத்துக்குக் காணாது. நீளம் 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் ஆரம்பித்து அங்கே 93, ஆந்திராவில் 33, தமிழ்நாட்டில் 222. கிழக்கே பவுண்டரி லைன் வங்காள விரிகுடா. கிரவுண்டின் பெயர் பாலாறு.

ஆமாம், ஆறுதான். தண்ணீர் இருந்தால் ஆறு, இல்லாவிட்டால் கிரவுண்டு. நாங்கள் பிறந்ததிலிருந்து கிரவுண்டு.

ஆற்று மணலில் கிரிக்கெட் ஆடுவதற்குத் தனி ஞானம் வேண்டும். பந்து எழும்பாது. அதனால் பாதிப் பந்து ஃபுல் டாஸ். கோணித்துணியை விரித்து நாலு மூலையிலும் ஆணி அடித்தால் பிட்ச். சட்டதிட்டங்கள் ஐ.சி.சி.க்கே தெரியாதவை. முதல் பந்து ட்ரயல். கையை மடக்கிப் போட்டால் 'மாங்கா'. ஒரு ஓவரில் மூணு வைடு போனால் பேபி ஓவர். பேட் யாருடையதோ அவனுக்குத்தான் முதல் காஜி. அவன் அவுட் என்றால் அம்பயருக்குச் சந்தேகம் வந்துவிடும். சீமைக் கருவேல முள்ளுக்குள் பந்து போனால் அடித்தவன்தான் எடுத்து வரவேண்டும். ஒரு சிக்ஸருக்கு ரத்தம் ரெண்டு சொட்டு.

எங்கள் கேப்டன் செருப்புக்கடைக்காரர் பிள்ளை. ஆனால் வெறுங்காலோடு ஆடுவான். விக்கெட் கீப்பர், நாங்கள் எல்லோரும் 'பாய்' என்று கூப்பிட்டவன். வீட்டில் உருது, எங்களிடம் தமிழ், கேட்ச் விட்டால் இரண்டிலும் திட்டுவான். ஃபாஸ்ட் பவுலர் டேனரியில் டிரம் போடுகிறவன். அவன் ரன்னப் எடுத்து வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும். நான் பன்னிரண்டாவது ஆள். ஸ்கோர் எழுதுவேன், சோடா வாங்கி வருவேன். பதினோரு பேர் சேராத அன்று மட்டும் பேட்ஸ்மேன்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். ஊரைச் சுற்றி எங்கு திரும்பினாலும் தோல். வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல். சீமைக்காரன் காலில் மாட்டுகிற ஷூவெல்லாம் எங்கள் ஊரிலிருந்து போகிறது. ஆனால் நாங்கள் ஆடியது டென்னிஸ் பந்தில்! கடலோரத்தில் இருந்துகொண்டு டப்பா மீன் தின்கிற மாதிரி.

ஒருநாள் கேப்டனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு வேலூர் போய் அசல் தோல் பந்து வாங்கி வந்தோம். சிவப்பாக, ஆப்பிள் மாதிரி. எடை 160 கிராம் சுமார். ஃபாஸ்ட் பவுலர் அதை வாங்கி மூக்கில் வைத்து மோந்தான். கட்டைவிரலால் தேய்த்தான். பிறகு தீர்ப்பு சொன்னான்:

"இது நம்ம ஊர் தோல் இல்லடா."

"மோந்து பார்த்தா தெரியுமா?"

"பொண்டாட்டி சமையலு வாசனையிலேயே தெரியும்ல? அந்த மாதிரி. இது படிகாரம் போட்டுப் பதம் பண்ணது. நம்மளுது குரோம். குரோம்ல ஊறினா தோலு நீலமா ஆயிடும். அதுக்கு மேலதான் சாயம்."

(அப்போது அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது வேறு விஷயம்.)

அவன் சொன்னது சரிதான். கிரிக்கெட் பந்து மீரட்டிலும் ஜலந்தரிலும் தயாராகிறது. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஊறவேண்டும். குரோமியம் உப்பு வந்த பிறகு அவசரம் வந்தது. வாரக்கணக்கு வேலை நாள் கணக்கில் முடிந்தது.

அந்தத் தோல் பந்து எங்களிடம் இருந்தது மொத்தம் ஒன்றரை ஓவர். இரண்டாவது ஓவரில் எனக்குக் காஜி கிடைத்தது. பேட் கிடையாது, க்ளவ்ஸ் கிடையாது. நான் சொல்வது காலில் கட்டுகிற பேட். ஃபாஸ்ட் பவுலர் ஓடி வந்தான். பந்தை நான் பார்க்கவில்லை. அது என் முழங்காலைப் பார்த்துவிட்டது. ஒரு வாரம் நொண்டினேன். தோலிடம் அடைந்த தோல்வி.

மறுவாரமே ரப்பருக்குத் திரும்பினோம்.

பெட் மேட்ச் என்றால் மட்டும் ஊரே சூடாகிவிடும். பணம் வைத்து ஆடுவது எங்களுக்குக் கேவலம். பிரியாணி வைத்துத்தான் ஆடுவோம். தோற்றவன் ஒரு தேக்சா இறக்கவேண்டும். ஆம்பூர்ப் பிரியாணி என்றால் சீரக சம்பா. பாஸ்மதியில் பண்ணினால் அது வேறு ஜாதி, வேறு கோத்திரம். கிலோவுக்குக் கிலோ கறி. வரமிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, தயிர், பிறகு தம். தொட்டுக்கொள்ள கத்திரிக்காயும் தயிர் வெங்காயமும். கத்திரிக்காய் சரியில்லையென்றால் எங்கள் ஊரில் கல்யாணத்தில் சம்பந்தி சண்டையே வரும்.

கரையோர டீக்கடையில் டேப்ரிக்கார்டர் பாடிக்கொண்டிருக்கும். எங்கள் ஓப்பனர்களில் ஒருவன் ராஜா ரசிகன், இன்னொருவன் ரஹ்மான் ரசிகன். ராஜா பாட்டு ஓடும்போது ரஹ்மான்காரன் டொக்கு வைத்துக்கொண்டே இருப்பான். கேசட் மாறினால்தான் சிக்ஸர். கேப்டன் டீக்கடைக்காரருக்குத் தனியாக ஐந்து ரூபாய் கொடுத்துப் பாட்டு மாற்றி ஜெயித்த மேட்ச் உண்டு. மேட்ச் ஃபிக்ஸிங் என்று பின்னால் பேப்பரில் வந்தபோது நாங்கள் ஆச்சரியமே படவில்லை.

பெட் என்றதும் 1999 ஞாபகம் வருகிறது. ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் டெஸ்ட், நாலாவது நாள். இந்தியாவுக்கு 271 வேண்டும். பஜாரில் டி.வி. கடை வாசலில் நூறு பேர். பாய் இந்தியா மேல் ஒரு தேக்சா கட்டினான். யார் எதிர்த்துக் கட்டுவது? கேப்டன் கையைத் தூக்கினான். எல்லோரும் அவனை முறைத்தோம்.

"டேய், கணக்கு புரியலியா உங்களுக்கு? இந்தியா ஜெயிச்சா சந்தோஷம். தோத்தா பிரியாணி. எனக்கு ரெண்டும் லாபம்."

டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 அடித்தார். இன்னும் பதினேழு ரன் இருக்கும்போது அவுட். அப்புறம் மளமளவென்று மிச்ச விக்கெட்டும் போய் 258-ல் முடிந்தது. பன்னிரண்டு ரன்னில் தோல்வி. கடை வாசலில் ஈ பறந்தால் கேட்கும். பாய் தரையில் உட்கார்ந்து அழுதான். வெளியூர்க்காரன் எவனாவது 'பாகிஸ்தான் மேட்ச்னா இவங்க யார் பக்கம்?' என்று இழுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முதுகு குலுங்கியதுதான் கண்ணுக்கு முன்னால் வரும்.

அப்போது டி.வி.யில் ஒன்று காட்டினார்கள். சேப்பாக்கம் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். பாகிஸ்தான்காரர்கள் மைதானத்தைச் சுற்றி வருகிறார்கள். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். "நல்லா ஆடினான்டா, குடுக்கணும்" என்றான். அவனும் தட்டினான். நூறு பேரும் தட்டினோம்.

சொன்ன சொல் தவறாமல் மறு ஞாயிறு தேக்சா இறக்கினான். கேப்டனுக்குத்தான் முதல் கரண்டி. ரெண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டை நகர்த்தினான். "லாபம்னு நினைச்சேன். இறங்க மாட்டேங்குதுடா" என்றான். ஆம்பூரில் பிரியாணி மிச்சமான ஒரே நாள் அதுதான்.

அன்று சமைத்த பெரியவர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னார். "எங்க வாப்பா காலத்துல இந்தப் பிரியாணிக்கு ருசியே பாலாத்து ஊத்துத் தண்ணிதான். மணல்ல ரெண்டு முழம் தோண்டினா இளநீர் மாதிரி வரும். இப்ப தண்ணி வேற எடத்துலேர்ந்து கொண்டாந்து ஊத்தறேன்."

நாங்கள் பிட்ச் போடத் தோண்டிய அதே மணல்!

ஃபாஸ்ட் பவுலரிடம் ஒருநாள் கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை. "பச்சைத் தோலு கெட்டுப் போவாம இருக்க உப்பு போட்டுத்தான் லாரில வரும். மொத வேலை அந்த உப்பக் கழுவறது. கழுவின தண்ணி எங்க போவும்? குரோமையாவது பிடிச்சிரலாம். உப்பப் பிடிக்கிறதுதான் ஆகாத வேல" என்றான். கொஞ்சம் நேரம் சும்மா இருந்துவிட்டு, "அந்த டிரம்ல கைய வெச்சிக்கினுதான் என் தங்கச்சிக்குக் கல்யாணம் பண்ணேன். இன்னா சொல்ற?" என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் ஸ்கூல் ஃபீஸும் அப்பாவின் டேனரிச் சம்பளத்தில் கட்டியதுதானே.

சட்டக் கல்லூரிப் பையன்களுக்கு வேலூர் என்றால் கோட்டை இல்லை, கேஸ். வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. 'கெடுத்தவனே விலை கொடுக்கணும்' என்பது இந்த நாட்டுச் சட்டம் என்று எழுதிவைத்து, டேனரிகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்தன. 2025 ஜனவரியில் அதே கோர்ட் மறுபடி பாலாற்றைப் பற்றி உத்தரவு போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடு, கொடுத்ததைக் கெடுத்தவர்களிடம் வசூல் பண்ணு, ஆற்றைச் சரி பண்ணு என்று. நடுவில் இருபத்தெட்டு வருஷம். டெஸ்ட் மேட்ச் ஸ்லோ என்கிறோம்!

தோல் மட்டும் குற்றவாளி இல்லை. மணலை லாரி லாரியாக அள்ளியவர்கள், குப்பையும் சாக்கடையும் விட்டவர்கள், அத்தனை பேரும் அந்த டீமில் உண்டு. பிட்ச் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்ட நாங்களும்தான்.

2021 நவம்பர். நல்ல மழை. கேப்டனிடமிருந்து போன். இப்போது அவன் அப்பாவின் செருப்புக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். தொப்பையும் உண்டு.

"மச்சி, கிரவுண்டு போச்சுடா!"

குரலில் துக்கமே இல்லை. லாட்டரி விழுந்தவன் மாதிரி கத்தினான். "ரெண்டு கரையும் தொட்டுக்கினு போவுது. ஸ்டம்பு நட்ட எடத்துல யானை முழுவும். சீக்கிரம் வாடா!"

1903-ல் பாலாறு வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன கதையைப் பாட்டி சொல்லிக் கேட்டதுண்டு. கதை என்றுதான் நினைத்திருந்தேன். ஜோலார்பேட்டை ரயிலைப் பிடித்து ஊருக்குப் போய்ப் பார்த்தபோது நம்பினேன். செம்மண் நிறத்தில், சத்தம் போட்டுக்கொண்டு, கிழக்கு பவுண்டரி லைனைத் தேடி ஓடுகிறது. கரையோர வீடுகளில் தண்ணீர் புகுந்துவிட்டது. பாவம், அவர்கள் ஸ்கூலில் தங்கியிருந்தார்கள். பாய் அவர்களுக்கு மூணு தேக்சா இறக்கிக் கொடுத்துவிட்டுப் பாலத்துக்கு வந்திருந்தான். பாலம் முழுக்க ஜனம்.

ஃபாஸ்ட் பவுலர் தன் பெண்ணைத் தோளில் தூக்கி வைத்திருந்தான். "தோ பாரு, அப்பா பவுலிங் போட்ட எடம்" என்று காட்டினான். அவள் தண்ணீரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அப்பன் புளுகுகிறான் என்று முகத்திலேயே எழுதியிருந்தது.

எங்கள் கோணித்துணி, பிட்ச், முள்ளுக்காடு, 348 கிலோமீட்டர் கிரவுண்டு எல்லாம் அவுட். பாலத்தின் மேல் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். பாய்தான் என்று நினைக்கிறேன். பிறகு எல்லோரும் தட்டினோம். பல வருஷம் அந்த ஆற்றின் மேலேயே நின்று ஆடியிருக்கிறோம். ஒருநாள் எழுந்து வந்து எங்களைத் தோற்கடித்தது. நல்லா ஆடினான்டா, குடுக்கணும்.

அதற்கப்புறம்? தண்ணீர் வடிந்தது. மணல் தெரிந்தது. போன மாதம் ஊருக்குப் போனபோது புதுப் பையன்கள் ஸ்டம்பு நட்டிருந்தார்கள். டென்னிஸ் பந்துதான். முள்ளுக்குள் போன பந்துக்கு யார் போவது என்று சண்டை. எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையில் என்னமோ அடைக்கவும் செய்தது.

"அப்ப உங்க ஊர்ல கிரவுண்டு இருக்கா இல்லையா சார்? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றான் ஆபீஸ் பையன்.

"இன்னிக்கு இருக்கு தம்பி. கூடிய சீக்கிரம் இல்லாம போகணும்னு வேண்டிக்கோ" என்றேன்.

அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு அவனும் கேட்டுவிட்டான்.

"பிரியாணி எப்ப சார்?"