வெள்ளைக் குதிரைச் சத்திரம்

கேம்பிரிட்ஜ் போகிற நம்மவர்கள் டிரினிட்டி கல்லூரி வாசலில் நிற்காமல் திரும்புவதில்லை. 1914இல் ராமானுஜன் வந்து சேர்ந்த இடம் ஆயிற்றே. நானும் நின்றேன். பிறகு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பழைய கோட்டை மேட்டை நோக்கி ஏறும் தெருவில் நடந்தேன். ஊர்க்காரர்களின் அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது.

வெள்ளைக் குதிரை என்ற பெயரில் பல தலைமுறைகள் சத்திரமாக இருந்த மரச்சட்ட வீடு அது. 1936இல் அருங்காட்சியகம் ஆனது. உத்தரத்துக்குத் தலை குனிந்துதான் அறைக்கு அறை போகவேண்டும். மது ஊற்றிக் கொடுத்த அறை, அடுப்படி, குழந்தைகளின் பொம்மைகள்.

என்னை நிறுத்தியது மாடி அறை. கேம்பிரிட்ஜுக்கு வடக்கே ஃபென்ஸ் என்ற சதுப்பு நிலம். அந்த மக்களின் விலாங்கு மீன் குத்தும் ஈட்டியும், நீர் உறைந்த பனிக்காலத்தில் சறுக்கிச் செல்லக் காலில் கட்டிய இரும்பும் அங்கே இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் பெரிய வாய்க்கால்கள் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். அப்படியும் நடுக்கக் காய்ச்சல் போகவில்லை, மலேரியாதான். கசகசாக் காயை வேகவைத்துக் குடித்து அதைத் தாங்கினார்கள். அழுகிற பிள்ளைக்கும் அந்தக் கஷாயமே. உலகுக்கே பாடம் சொன்ன ஊருக்குப் பக்கத்தில் ஒரு தாய்க்குக் கிடைத்த மருந்து அவ்வளவுதான். அதை நினைக்க எனக்கு ஆறவில்லை.

இதெல்லாம் நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு ஈனிட் போர்ட்டருக்கு உண்டு. 1947 முதல் 1976 வரை இந்த அருங்காட்சியகத்தின் காப்பாளர். கிழவர்களிடமும் பாட்டிமார்களிடமும் கேட்டுக் கேட்டுக் குறிப்பேடுகளை நிரப்பினார். கைவைத்தியம், பேய்க்கதை, கல்யாணச் சடங்கு எதையும் அற்பமென்று தள்ளவில்லை. 1969இல் அது கனத்த புத்தகமாக வந்தது. பட்டம் பெற்ற எத்தனையோ பேரைவிட இவரை நான் பெரியவராக நினைக்கிறேன்.

கல்லூரி அறைகளைப் பெருக்கிப் படுக்கை விரிக்கும் பெண்களுக்கு இந்த ஊரில் 'பெடர்' என்று பெயர். தலைமுறை தலைமுறையாக அந்த வேலைக்குப் போன குடும்பங்கள் உண்டு. ராமானுஜன் தன் அறையில் தானே சமைத்துச் சாப்பிட்டவர். அந்த அறைக்கும் ஒருத்தி வந்திருப்பாள். புளியும் மிளகும் கொதித்த வாசனையை முகர்ந்திருப்பாள். அப்போது அவளுக்கு 30 வயது என்று வைத்துக்கொண்டால், ஈனிட் போர்ட்டர் வேலைக்கு வந்த வருஷம் 63. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.