குருதி கொடுத்தவர் கேட்கின்றனர்

ஒரு குப்பிக் குருதி! அதற்குள்ளே ஒரு குடியின் கதையே எழுதப்பட்டிருக்கிறது என்கிறது இன்றைய விஞ்ஞானம். நாம் மறுக்கவில்லை, மகிழ்கிறோம். தலையிலே எவனோ எழுதிவிட்டான், அழிக்க முடியாது என்று சொன்னவரை எதிர்த்து நின்ற நாம், உயிரணுவுக்குள்ளே எழுத்து உண்டு, அதைப் படிக்கலாம், பிழையிருப்பின் திருத்தவுங்கூடும் என்று ஆய்வுக்கூடம் அறிவிக்கும்போது வரவேற்காமலிருப்போமா? ஆனால் வரவேற்பது வேறு, வாய்மூடிக் கிடப்பது வேறு. படிப்பவர் யார்? படிக்கப்படுபவர் யார்? படித்ததன் பயன் போய்ச் சேருவது யாரிடம்? இவற்றைக் கேட்டாக வேண்டும்.

கலைக்கல்லூரியிலே பட்டம் பெற்றுப் பள்ளியிலே பாடம் நடத்துவோர்க்கு மரபணு ஆராய்ச்சியிலே என்ன வேலை என்று நண்பர் ஒருவர் நகைத்தார். நல்ல கேள்வி! விஞ்ஞானியின் கணக்கைச் சரிபார்க்கும் தகுதி நமக்கில்லை, ஒப்புகிறோம். ஆனால் ஏழையிடம் கையெழுத்து வாங்கிய தாளிலே என்ன எழுதியிருந்தது என்று பார்ப்பதற்கு, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதுமே!

அமெரிக்க நாட்டு அரிசோனா மாநிலத்திலே, கிராண்ட் கேன்யன் எனும் பெரும் பள்ளத்தாக்கின் அடியிலே வாழ்கின்றனர் ஹவசுபாய் மக்கள். சில நூறு பேரே உள்ள சிறு குடி. ஊரின் பெயர் சுபாய். கார் செல்லும் சாலை இன்றும் அவ்வூருக்குக் கிடையாது. நடந்தோ, குதிரை மீதோ, ஹெலிகாப்டரிலோதான் போகவேண்டும். கோடையிலே பள்ளத்தாக்கில் பயிரிட்டு, குளிர்காலத்திலே மேட்டுநிலம் ஏறி வேட்டையாடி வாழ்ந்தவர்கள். 1882-இல் அரசாங்கம் வந்தது. 518 ஏக்கர் உனக்கு, மற்றதெல்லாம் எனக்கு என்றது! மேடு போயிற்று, வேட்டை போயிற்று, பழகிய உணவும் போயிற்று. போராடிப் போராடி 1975-இல்தான் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் திரும்பக் கிடைத்தது. 93 ஆண்டுகள்! அதற்குள் அடைபட்ட வாழ்வு பழக்கமாகிவிட்டது. நீரிழிவு வீட்டுக்கு வீடு புகுந்துவிட்டது.

இந்த நோய்க்கு விடை தேடித்தான் 1990-இல் அவர்கள் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளரிடம் கை நீட்டினர். 1994 வரை 200-க்கு மேற்பட்டோரின் குருதி எடுக்கப்பட்டது. பேச்சிலே வந்தது நீரிழிவு. தாளிலே இருந்ததோ, நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய்வது எனும் அகன்ற சொற்கள். ஆங்கிலமோ அவர்களிற் பலருக்கு இரண்டாம் மொழி!

2003-இல் அக்குடியைச் சேர்ந்த கார்லெட்டா டிலூசி எனும் பெண்மணி, அதே பல்கலைக்கழகத்திலே ஓர் ஆராய்ச்சி மாணவரின் உரையைக் கேட்க அமர்ந்தார். அங்கே விரிக்கப்பட்டது அவருடைய சொந்த மக்களின் குருதி! அனுமதி பெற்றீரா என்று எழுந்து கேட்டார். பின்னர்தான் உண்மை ஒவ்வொன்றாக வெளிவந்தது. மனச்சிதைவு நோய் பற்றி ஆராய்ந்திருந்தனர். உறவுக்குள் மணந்ததன் விளைவை அளந்திருந்தனர். முன்னோர் ஆசியாவிலிருந்து பெயர்ந்து வந்த தடத்தையும் தேடியிருந்தனர். தாளிலே உள்ளபடிதான் செய்தோம் என்றது ஆராய்ச்சித் தரப்பு. 2004-இல் வழக்கு. 2010-இல் சமரசம்: 41 பேருக்கு 7 லட்சம் டாலர், குருதியைத் திருப்பித் தரவும் இசைவு. பல்கலைக்கழகத்தின் உறைபெட்டி வரை தாங்களே சென்று, தங்கள் முன்னோரின் குருதியை அம்மக்கள் மீட்டனர். அதைக் கொடுத்தவரிற் சிலர் அதற்குள் இறந்துபோயிருந்தனர்.

இங்கேதான் நம் பகுத்தறிவுத் தோழர் குறுக்கிடுவார். "அந்தப் பள்ளத்தாக்கிலேயே தாங்கள் தோன்றியதாக அவர்கள் நம்புகிறார்கள். விஞ்ஞானம் அதைப் பொய்யென்று காட்டியது, அதனால் சினந்தார்கள். நாம் யார் பக்கம்? புராணத்தின் பக்கமா?" என்பார்.

நெஞ்சைத் தொடும் கேள்வி. நாமும் சில நாள் தடுமாறினோம். விடை இதுதான். அந்தத் தோற்றக்கதைக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. மனிதர் ஆசியாவிலிருந்து அமெரிக்கா புகுந்தனர் என்பதே நம் முடிவு; அதற்கு எலும்பும் கல்லும் சான்று சொல்கின்றன. ஆனால் உண்மையைக் கண்டவனுக்கு ஊசி குத்தும் உரிமை தானே வந்துவிடுமா? நோயைத் தீர்க்கிறேன் என்று வாங்கியதை வேறெதற்கோ செலவிட்டால், கிடைத்தது உண்மையாகவே இருந்தாலும் வாங்கிய முறை மோசடிதான். மந்திரத்தின் பெயரால் ஏழையின் கையை நீட்ட வைப்பவனை நாம் கண்டிக்கிறோம். வெள்ளை அங்கி அணிந்தவனுக்கு மட்டும் தனிச் சலுகையா? கேள்வி கேட்க உரிமையில்லாதவனிடம் பெற்ற சம்மதம், சம்மதமா?

இன்னொரு குடியையும் பாருங்கள். 2002-இலேயே நவஹோ மக்கள் தங்கள் நாட்டிலே மரபணு ஆராய்ச்சிக்குத் தடை விதித்திருந்தனர். அறியாமை என்று அதைச் சிரிப்பவர் உண்டு. ஏமாந்தவன் கதவைச் சாத்தினால் குற்றம் கதவினுடையதா?

கதவு சாத்திக் கிடப்பதாலும் கேடு உண்டு, அதையும் மறைக்கமாட்டோம். நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு தேடும் ஆய்வுகளிலே, 2009-இல் கலந்துகொண்டோரில் 96 விழுக்காட்டினர் ஐரோப்பிய வழிவந்தோர். 2016-இலும் 81 விழுக்காடு! யாருடைய எழுத்தைப் படித்தார்களோ அவர்களுக்கே ஏற்ற மருந்தும் சோதனையும் வரும், மற்றவர் பாடு? ஆகவே "வராதே" என்று நாம் சொல்லவில்லை. "கூட்டாளியாக வா" என்கிறோம்.

அமெரிக்கா தொலைவு என்பீர். நீலகிரி தொலைவா?

செங்குருதியணுவை அரிவாள்போல் வளைக்கும் ஒரு சோகைநோய் உண்டு. மரபெழுத்தில் ஒன்றே ஒன்று மாறியதால் விளைவது. மூலக்கூறிலே தோன்றும் நோய் இதுவென 1949-இல் பாலிங் முதலியோர் காட்டினர். 1952-இல் லேமன், கட்புஷ் எனும் இருவர், நம் நீலகிரியிலே இருளர், பணியர் முதலானோரிடம் இக்கூறு இருப்பதை லண்டன் மருத்துவ ஏட்டிலே வெளியிட்டனர். உலகம் படித்தது, மேற்கோள் காட்டியது. மலையிலே குழந்தை மூட்டுவலியால் துடித்ததை யார் படித்தார்? இந்நோய்க்கென நாடளாவிய இயக்கம் தொடங்கியது 2023 ஜூலை 1-ஆம் நாள்! இடையிலே 71 ஆண்டுகள். தொண்டு உள்ளம் படைத்தோர் சிலர் மலையிலே பாடுபட்டனர், அவர்களை வணங்குகிறோம். அரசுகள்?

வந்த இயக்கத்தை நாம் பழிக்கவில்லை. 17 மாநிலங்களிலே 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பதாம். 2047-க்குள் நோயை ஒழிப்பதாம். நடக்கட்டும்! சோதித்தவர்க்கு அட்டையும் தருகிறார்கள். இருவருமே இக்கூறு தாங்கியவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மணத்துக்கு முன் அறிவது நல்லது. ஜாதகக் கட்டத்தை விட இந்த அட்டை ஆயிரம் மடங்கு மேல். ஆனால் கூறு தாங்கியவர் நோயாளி அல்லர் என்பதைப் பெண் பார்க்க வரும் வீட்டாருக்கு யார் விளக்குவது? விளக்காவிட்டால் அந்த அட்டையே ஒரு பெண்ணுக்குப் புதுத் தோஷமாகிவிடுமே! சோதனை ஒரு நிமிடம். ஹைட்ராக்சியூரியா மாத்திரையோ நாள் தவறாமல் வேண்டும். மலையிறங்கி வரப் பேருந்து வேண்டும். மரபெழுத்தையே திருத்தும் மருத்துவத்துக்கு 2023 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. விலை 22 லட்சம் டாலர்! இருளர் குடிசையிலே அந்தத் தொகையைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017-இல் தாங்களே விதி வகுத்தனர். எங்களிடம் ஆராய வருவோர் மதிப்போடும் நேர்மையோடும் நீதியோடும் பரிவோடும் வரவேண்டும், முதலில் எங்கள் மன்றத்திடம் பேசவேண்டும் என்று எழுதிவைத்தனர். அவர்கள் செய்ததை நம் மலைமக்கள் செய்ய இயலாதா? இயலும், பக்கத்திலே நிற்க ஆள் வேண்டும்.

படித்த இளைஞர்களே! அடுத்த முகாமுக்கு மலையேறும்போது மாலையும் மேடையும் வேண்டாம். ஒரு பேனா எடுத்துச் செல்லுங்கள். கையெழுத்துக்கு வரும் தாளை அவர்கள் மொழியிலே வரிக்கு வரி படித்துக் காட்டுங்கள். எதற்காக எடுக்கிறீர், எங்கே வைப்பீர், வேறு ஆய்வுக்கு மீண்டும் கேட்பீரா, முடிவை எந்த நாளில் இந்த ஊருக்கு வந்து சொல்வீர் என்று கேட்டு, விடையை அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். நாள் குறிக்க மறுத்தால் பேனாவை மூடிவிட்டு இறங்கி வாருங்கள்.