பறிக்கும் கைக்கே பணம் சேர்ந்தால்...
அமெரிக்கச் சிறு வியாபாரிகளின் அனுபவம் தரும் பாடம்

வியாபாரிக்குக் கைக்காசு என்பது உடம்பில் ஓடும் இரத்தம் போன்றது. சரக்கு வாங்க வேண்டும், வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், கடை வாடகை கட்ட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் வங்கிக் கணக்கில் உள்ள தொகையை நம்பியே காசோலை எழுதுகிறோம். ஒரு நாள் காலையில் அந்தக் கணக்கு வெறுமையாகி விட்டால்? வங்கிக்குக் கடன் இல்லை, வரி நிலுவை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஆனாலும் அரசாங்கம் முழுத் தொகையையும் எடுத்துக்கொண்டு விட்டது.

சட்டம் ஒழுங்கு இல்லாத நாடொன்றில் நடந்த கதையல்ல இது. தனியார் சொத்துரிமையின் காவலன் எனப் பேசப்படும் ஐக்கிய அமெரிக்காவிலேயே நூற்றுக்கணக்கான சிறு வியாபாரிகள் இதனை அனுபவித்தார்கள். செய்தது ஐ.ஆர்.எஸ். எனப்படும் மத்திய இறைவரிச் சேவையின் குற்றவியல் விசாரணைப் பிரிவு. தடுத்தது அந்நாட்டின் பாராளுமன்றமான காங்கிரஸ். எப்படித் தடுத்தது, எதைத் தடுக்காமல் விட்டது என்ற இரண்டையும் வியாபாரிகளாகிய நாம் அறிந்திருப்பது நல்லது.

பத்தாயிரம் டொலர் எல்லை

அமெரிக்காவில் 1970 ஆம் ஆண்டின் வங்கி இரகசியச் சட்டத்தின் கீழ், பத்தாயிரம் டொலருக்கு மேற்பட்ட காசு வைப்புகளை வங்கி அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும். போதைப்பொருள் பணம் வங்கிகளுக்குள் நுழைவதைக் கண்டுபிடிப்பதே நோக்கம். கடத்தல்காரர்கள் தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்து வைப்பிலிடத் தொடங்கினர். ஆகவே, அறிவித்தலைத் தவிர்க்கும் எண்ணத்துடன் தொகையைப் பிரிப்பதே குற்றம் என்று 1986 இல் சட்டம் வந்தது. இதில் ஒரு பொறி இருந்தது. பணம் முழுக்க முழுக்க நேர்மையாக உழைத்ததாக இருந்தாலும், பிரித்து வைப்பிலிட்டதே குற்றமாகி விடும்.

அப்படிப் பிரிப்பது சட்டவிரோதம் என்று தெரிந்தே செய்தவரைத்தான் தண்டிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994 இல் தீர்ப்பளித்தது. அந்தப் பாதுகாப்பை அதே ஆண்டிலேயே புதிய சட்டத்தால் நீக்கியது காங்கிரஸ்தான். பிற்காலத்தில் வியாபாரிகளின் கண்ணீரைக் கேட்ட அதே சபைக்கு இந்தக் கதையில் பங்குண்டு என்பதையும் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

இந்தப் பொறியில் சிக்கியவர்கள் யார்? அயோவா மாநிலத்தில் பல தசாப்தங்களாக ஒரு சிறிய மெக்சிக்கன் உணவகத்தை நடத்திய பெண்மணி. கடன் அட்டை வாங்காமல் காசுக்கு மட்டுமே சாப்பாடு விற்றவர். 2013 இல் அவரது கணக்கிலிருந்து 32,820 டொலர் எடுக்கப்பட்டது. நியூயோர்க்கின் லோங் ஐலண்டில் கடைகளுக்கு இனிப்பும் சிகரட்டும் விநியோகிக்கும் சகோதரர்கள். 2012 மே மாதம் அவர்களுடைய நான்கு இலட்சத்து நாற்பத்தாறாயிரம் டொலர் பறிபோனது. மேரிலாந்தில் ஒரு பால் பண்ணையாளர். சந்தையில் பால் விற்ற காசை வைப்பிலிட்டதற்காக அவரிடமிருந்து சுமார் 63,000 டொலர் கைப்பற்றப்பட்டது. வட கரோலினாவில் ஒரு சிறு கடைக்காரர். 2014 ஜூலையில் ஒரு இலட்சத்து ஏழாயிரம் டொலர்.

இவர்களில் எவரும் போதைப்பொருள் விற்கவில்லை. வரி ஏய்ப்புக் குற்றமும் சாட்டப்படவில்லை. படிவம் நிரப்பும் தொல்லை வேண்டாம் என்றோ, யாரோ சொன்ன ஆலோசனையைக் கேட்டோ பத்தாயிரத்துக்குக் குறைவாக வைப்பிலிட்டவர்கள்.

வழக்கு ஆளுக்கு எதிராக அல்ல

குற்றம் நிரூபிக்காமல் பணத்தை எப்படி எடுக்கலாம் என்று வாசகர்கள் கேட்கலாம். அங்குள்ள 'சிவில் பறிமுதல்' முறையில் பிரதிவாதி மனிதன் அல்ல, பணம்தான். 'ஐக்கிய அமெரிக்கா எதிர் 32,820 டொலர்' என்றே வழக்கின் பெயர் அமையும். பணத்துக்கு நிரபராதி என்ற அனுமானம் கிடையாது. சட்டத்தரணி வைக்கச் சக்தியற்றவருக்கு அரசாங்கம் சட்டத்தரணியை அமர்த்திக் கொடுப்பதும் இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் இல்லை. கைப்பற்றும் ஆணையைப் பெற அதிகாரிகள் மட்டும் நீதவானிடம் சென்றால் போதும். உரிமையாளருக்கு விடயம் தெரிவது பணம் போன பிறகுதான்.

அதன் பிறகு பேரம் ஆரம்பமாகும். பாதியை விட்டுக்கொடுங்கள், மீதியைத் தருகிறோம் என்ற தொனியில் அரச தரப்புச் சட்டத்தரணி பேசுவார். வட கரோலினாக் கடைக்காரருக்குப் பாதித் தொகையைத் தருவதாகவே கூறப்பட்டது. பால் பண்ணையாளர் 29,500 டொலரை இழந்து சமரசம் செய்துகொண்டார். வழக்காடும் செலவையும், மூலதனம் இல்லாமல் கடை நடத்தும் கஷ்டத்தையும் கணக்குப் பார்த்தால் பல வியாபாரிகளுக்கு இதுவே 'இலாபமாக'த் தெரியும். அயோவா பெண்மணி விட்டுக்கொடுக்காமல் வழக்காடினார். அரசாங்கம் தானாகவே வழக்கை வாபஸ் வாங்கியது. ஆனால் சட்டப்படி அவர் 'வென்றவர்' அல்ல என்பதால், வழக்குச் செலவை அரசாங்கத்திடமிருந்து பெற முடியாது என்று 2016 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

பெட்டியில் சேரும் பணம்

அதிகாரிகள் இவ்வளவு ஆர்வமாக நடந்துகொள்ளக் காரணம் அவர்களது தனிப்பட்ட குணக்கேடு அல்ல. சட்டத்தின் அமைப்பே காரணம். 1984 இல் கொண்டுவரப்பட்ட குற்றத் தடுப்புச் சட்டம், பறிமுதல் செய்யப்படும் பணம் நாட்டின் பொதுத் திறைசேரிக்குச் செல்லாமல் தனி நிதியமொன்றில் சேர வழி செய்தது. நீதித் திணைக்களத்துக்கு ஒரு நிதியம். பின்னர் திறைசேரித் திணைக்களத்தின் கீழுள்ள அமைப்புகளுக்கு இன்னொன்று. உள்ளூர்ப் பொலிஸார் மத்திய அமைப்புகளுடன் சேர்ந்து செயற்பட்டால், கிடைப்பதில் 80 சதவீதம் வரை அவர்களுக்கே திரும்பும்.

எந்தக் கடையிலும் விற்பனையாளருக்குத் தரகுப் பணம் கொடுத்தால் எந்தச் சரக்கு அதிகம் விற்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. அரச அலுவலகத்திலும் மனித இயல்பு மாறாது. 2008 இல் மதுபானம், புகையிலை, துப்பாக்கிகள் தொடர்பான மத்திய அமைப்பொன்று தனக்காகக் கேட்ட கைக்கருவிகளில் பொறிக்க விரும்பிய வாசகம் 'எப்போதும் பறிமுதலை நினை' என்பதாகும். கருவி சிறியது. ஆனால் ஓர் அலுவலகத்தின் மனப்போக்கைக் காட்ட அந்த மூன்று சொற்கள் போதும்.

2000 ஆம் ஆண்டில் சீர்திருத்தச் சட்டமொன்று வந்தது உண்மை. அதுவரை பணம் சுத்தமானது என்று உரிமையாளர் நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமையை அரசாங்கத்தின் தோளுக்கு மாற்றினார்கள். ஆனால் பணம் போய்ச் சேரும் பெட்டியை யாரும் மாற்றவில்லை. அதனால்தான் சீர்திருத்தம் வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் இனிப்பு விநியோகஸ்தரின் கணக்கு வெறுமையானது.

சபை விழித்தபோது

2014 ஒக்டோபரில் பத்திரிகைகள் இந்தக் கதைகளை வெளியிட்டன. அதே நேரத்தில், சட்டபூர்வமாக உழைத்த பணம் என்றால் விசேட காரணமின்றிக் கைப்பற்ற மாட்டோம் என்று ஐ.ஆர்.எஸ். அறிவித்தது. பல நாடுகளில் விடயம் அத்துடன் முடிந்திருக்கும். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் மேற்பார்வை உபகுழு அதனை முடிய விடவில்லை. பீற்றர் ரொஸ்கம் தலைமையிலான அக்குழு 2015 பெப்ரவரி 11 ஆம் திகதி ஐ.ஆர்.எஸ். ஆணையாளர் ஜோன் கொஸ்கினெனை அழைத்து விசாரித்தது. பணத்தைப் பறிகொடுத்த வியாபாரிகளும் அங்கு சாட்சியமளித்தனர். நியாயமாக நடத்தப்படாதவர்களிடம் ஆணையாளர் மன்னிப்புக் கேட்டார். விநியோகச் சகோதரர்களின் பணம் அந்த அமர்வுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே, இரண்டரை வருடங்களுக்கு மேல் கழித்து, திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தது. வட கரோலினாக் கடைக்காரரின் விடயமும் குழுவில் எழுப்பப்பட்டது. சில மாதங்களில் அவருடைய பணமும் வந்தது. 2016 இல் மீண்டும் ஓர் அமர்வு நடந்தது. அதன் பின்னர் பால் பண்ணையாளரும் இழந்ததைப் பெற்றார். பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய 700 பேருக்கு மேற்பட்டோருக்கு, மீளக் கோரலாம் என்று கடிதங்கள் அனுப்பப்பட்டன.

2017 மார்ச் மாதத்தில் இறைவரி நிர்வாகத்துக்கான திறைசேரிப் பரிசோதகர் நாயகத்தின் அறிக்கை வந்தது. அவர் 278 விசாரணைக் கோவைகளை ஆராய்ந்திருந்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த வழக்குகளில் ஏறத்தாழ 91 சதவீதமானவற்றில் அது சட்டபூர்வமான பணம். தொகை 17.1 மில்லியன் டொலர். பெரும்பாலும் முதலில் பணத்தைக் கைப்பற்றிய பின்பே உரிமையாளரிடம் கேள்வி கேட்கப்பட்டது. நம்பத்தகுந்த விளக்கம் கொடுத்தாலும் அது தேடிப் பார்க்கப்படவில்லை. சிக்கலான குற்றங்களைத் துருவுவதைவிட, விரைவில் முடியும் வழக்குகளுக்கு ஊக்கம் கொடுக்கப்பட்டிருந்தது. கடத்தல்காரனைப் பிடிக்கப் பின்னிய வலையில் கடைக்காரன் விழுந்தது தற்செயல் அல்ல என்பதை இந்த அறிக்கை கணக்குடன் காட்டியது.

இறுதியில், 2019 ஜூலை 1 ஆம் திகதி கைச்சாத்தான வரி செலுத்துவோர் தொடர்பான சட்டத்தில் இதற்கான பிரிவு சேர்க்கப்பட்டது. பிரித்து வைப்பிலிட்டதை மட்டும் காரணம் காட்டி ஐ.ஆர்.எஸ். இனிப் பணத்தைக் கைப்பற்ற முடியாது. அது சட்டவிரோதமாக வந்ததாகவோ, வேறு குற்றத்தை மறைக்கப் பிரிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும். உரிமையாளர் கேட்டால் 30 நாட்களுக்குள் நீதிமன்ற விசாரணை வேண்டும். கட்சி பேதமின்றி நிறைவேறிய சட்டம் இது.

அடைபடாத வாசல்

இங்கே கைதட்டி முடித்துவிடலாம் என்றால், முடியாது. 2019 சட்டம் கட்டுப்படுத்தியது ஐ.ஆர்.எஸ். ஒன்றை மட்டுமே. நீதித் திணைக்களத்தின் கீழுள்ள போதைப்பொருள் அமுலாக்க அமைப்பான டி.ஈ.ஏ. அதே பழைய விதிகளின் கீழேயே தொடர்ந்தது. நீதித் திணைக்களத்தின் பரிசோதகர் நாயகம் 2017 இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2007 முதல் டி.ஈ.ஏ. கைப்பற்றிய காசு 4 பில்லியன் டொலருக்கு மேல். அதில் 3.2 பில்லியன் எந்தக் குற்ற வழக்குடனோ சிவில் வழக்குடனோ தொடர்புபடாமல், நிர்வாக நடைமுறையிலேயே பறிமுதலானது. மாதிரிக்கு எடுத்த 100 கைப்பற்றல்களில், விசாரணையொன்றுக்கு உதவியதாக உறுதிசெய்ய முடிந்தவை 44 மட்டுமே.

2024 நவம்பரில் அதே பரிசோதகர் நாயகம் இன்னொன்றை வெளிப்படுத்தினார். பயணிகளைப் பற்றித் தகவல் கொடுத்த விமான நிறுவன ஊழியர் ஒருவருக்கு, பறிமுதலான காசில் ஒரு பங்கை டி.ஈ.ஏ. கொடுத்து வந்திருந்தது. அதனை அடுத்து விமான நிலையம் போன்ற இடங்களில் அவ்வகைச் சோதனைகளை நிறுத்துமாறு நீதித் திணைக்களம் பணித்தது. அதே ஆண்டு மே மாதத்தில், கைப்பற்றியவுடன் தனியான முன்விசாரணை நடத்த வேண்டும் என அரசியலமைப்பு கோரவில்லை என்று உச்ச நீதிமன்றம் 6 க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆகவே நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. நிதியங்களின் பணத்தைப் பொதுத் திறைசேரிக்குத் திருப்பும் ஏற்பாடு கொண்ட சீர்திருத்தச் சட்டமூலத்தை 2023 ஜூனில் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு 26 க்கு 0 என்று ஏற்றது. ஆனால் அந்தக் காங்கிரஸின் காலம் முடியும்வரை அது சட்டமாகவில்லை.

பறிமுதல் அதிகாரமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கடத்தல்காரனின் மாளிகையும், இலஞ்சம் வாங்கியவனின் வெளிநாட்டுக் கணக்கும் பறிக்கப்படத்தான் வேண்டும். நேர்மையான வியாபாரிக்கு அவர்களே முதல் எதிரிகள். கறுப்புப் பணத்துடன் போட்டியிட்டு நேர்மையாக விலை வைக்க முடியாது. ஆனால் பறிப்பவரின் வரவு செலவு, பறிக்கப்படுவதில் தங்கியிருக்கக் கூடாது. மேற்பார்வைக் குழு எத்தனை கூட்டம் நடத்தினாலும், பெட்டி மாறாதவரை பழக்கம் மாறாது. ஒரு வாசலை மூடினால் அடுத்த வாசலில் அதே வேலை தொடரும்.

நமக்கான கேள்விகள்

இது தூர தேசத்துச் செய்தி மட்டுமல்ல. நமது நாட்டிலும் 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிசார் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடும் சட்டத்தின் கீழ், பத்து இலட்ச ரூபா எல்லையில் காசுக் கொடுக்கல் வாங்கல்களை வங்கிகள் அறிவிக்கின்றன. 2025 இல் குற்றத்தின் வருமானங்கள் தொடர்பான சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. குற்றத் தீர்ப்பு இல்லாமலும் சொத்தைப் பறிமுதல் செய்ய அது வழிவகுக்கிறது. ஊழல்வாதிகளிடமிருந்து மக்கள் பணத்தை மீட்க இத்தகைய சட்டம் தேவை என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. சட்டம் புதிதாக இருக்கும்போதே பழக்கங்களும் உருவாகும் என்பதால், நமது வர்த்தக சங்கங்களும் வர்த்தக சம்மேளனங்களும் பாராளுமன்ற மேற்பார்வைக் குழுக்களிடம் மூன்று கேள்விகளை வருடந்தோறும் கேட்க வேண்டும்.

பறிமுதலான பணம் யாருடைய பெட்டியில் சேர்கிறது? கைப்பற்றப்பட்டவர் நீதிபதி முன் நிற்க எத்தனை நாள் எடுக்கிறது? எத்தனை வழக்குகள், எவ்வளவு தொகை, எத்தனை பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள் என்ற கணக்கு பாராளுமன்றத்துக்கு வருகிறதா? அமெரிக்காவில் ஐ.ஆர்.எஸ்ஸை அடக்கியது மேடைப் பேச்சு அல்ல. இத்தகைய கணக்கும், பாதிக்கப்பட்ட வியாபாரி நேரில் வந்து சொன்ன சாட்சியமும்தான்.

வியாபாரிகளும் தம் பங்குக்குச் செய்ய வேண்டியது உண்டு. அன்றைய வியாபாரக் காசை அன்றே, வந்த தொகைப்படியே வைப்பிலிடுங்கள். படிவத்துக்குப் பயந்து பிரிக்காதீர்கள். வங்கி நிரப்பும் படிவம் குற்றச்சாட்டு அல்ல, பிரிப்பதுதான் சந்தேகத்தை வரவழைக்கும். பற்றுச்சீட்டுகளையும் நாளாந்தக் கணக்குப் புத்தகத்தையும் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் நேர்மையானவர் என்பது உங்களுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. கேட்கும் நாளில் காகிதத்தில் காட்டவும் முடிய வேண்டும்.