அவருக்கு ஒரு கவர், எனக்கு ஒரு கவர்!

டிசம்பர் மாதம் என்றாலே எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் ஸ்டார் தொங்க ஆரம்பித்துவிடும். அதிரசத்துக்கு மாவு இடிக்க வேண்டும், முறுக்கு சுட வேண்டும், கேரல் பாடி வருகிற பிள்ளைகளுக்குக் காபி போட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் எல்லா வீட்டிலும் ஒரு பட்டியல் தயாராகும். அதுதான் துணிமணிப் பட்டியல். அதைப் பற்றித்தான் சகோதரிகளோடு கொஞ்சம் மனசுவிட்டுப் பேசலாம் என்று எழுதுகிறேன். கிறிஸ்தவ வீட்டு விஷயம்தானே என்று மற்ற சகோதரிகள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கிறிஸ்துமஸ் என்கிற இடத்தில் தீபாவளி என்றோ ரம்ஜான் என்றோ போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக் கதையும் இதேதான்.

பட்டியலில் முதலில் பிள்ளைகள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஒன்று, புது வருஷ ஆராதனைக்கு ஒன்று என்று ஆளுக்கு இரண்டு. அப்புறம் மாமனார், மாமியார், அம்மா வீடு. அப்புறம் வீட்டுக்காரருக்கு பேன்ட், சட்டை. கடைசியில் மிச்சம் இருந்தால் நமக்கு. மிச்சம் இல்லையென்றால், "எனக்கென்னங்க, தம்பி கல்யாணத்துக்கு எடுத்த சேலை புதுசாத்தானே இருக்கு" என்று நாமே சொல்லி முடித்துவிடுவோம். இத்தனைக்கும் பல கம்பெனிகளில் போனஸ் தீபாவளிக்கு முன்னாலேயே வந்து, டிசம்பருக்குள் இருந்த இடம் தெரியாமல் கரைந்துவிடும். ஒரு மாதச் சம்பளத்தில்தான் கிறிஸ்துமஸை ஒப்பேற்ற வேண்டும். அப்போது முதலில் அடிபடுவது கடைசிப் பெயர்தானே!

ஆண்கள் எல்லாரும் சுயநலக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. "எனக்கு இருக்கிற சட்டை போதும், நீ எடுத்துக்க" என்று வருஷா வருஷம் தனக்கு எதுவும் எடுக்காத வீட்டுக்காரர்களும் உண்டு. அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. இரண்டு பேரில் ஒருத்தர் மட்டுமே எப்போதும் விட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தால், பத்து வருஷம் கழித்து அது மனசுக்குள் கசப்பாக மாறிவிடும். வேறு எதற்கோ சண்டை வரும்போது, "நான் இந்த வீட்டுக்கு வந்து எனக்குன்னு என்னத்தக் கண்டேன்" என்று வெளியே வரும். அந்த வார்த்தையைச் சொல்லாத வீடு எத்தனை இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்!

சில வீடுகளில் பரிசு உண்டு. ஆனால் என்ன பரிசு? "இந்தா உனக்கு கிறிஸ்துமஸ் கிப்ட்" என்று கிரைண்டரோ குக்கரோ வந்து இறங்கும். வரட்டும், தேவைதான். ஆனால் அந்த கிரைண்டரில் அரைக்கிற மாவில் சுடும் இட்லியை வீடே சாப்பிடுகிறது. அது வீட்டுக்கு வாங்கின சாமான். பைக்குக்கு புது டயர் மாட்டிவிட்டு, "இது உங்களுக்கு என்னோட பரிசு" என்று நாம் சொன்னால் அவர்கள் ஒத்துக்கொள்வார்களா?

நாம் அவருக்கு வாங்க நினைத்தால் அது வேறு கஷ்டம். வேலைக்குப் போகாத பெண்ணுக்குக் கையில் இருப்பது வீட்டுச் செலவுப் பணம். முன்பாவது அஞ்சறைப் பெட்டியில் சேர்த்து வைத்து, அவருக்குத் தெரியாமல் ஒரு சட்டை எடுக்கலாம். இப்போது கடைக்குக் கடை போனைக் காட்டிப் பணம் அனுப்புகிற காலம். அவர் கணக்கில் இருந்து பணம் போனால் அடுத்த நொடியே அவர் போனுக்கு மெசேஜ் போய்விடுகிறது. பரிசைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அதன் விலை அவருக்குத் தெரிந்துவிடுகிறது. "இவ்வளவு விலையா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், வாங்கின சந்தோஷமெல்லாம் போச்சு.

நமக்கு நாமே வாங்கிக்கொள்வது அதைவிடப் பாவம். ஆயிரம் ரூபாய் சேலையை அறுநூறு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். புதுச் சேலையை "ஆடித் தள்ளுபடியில எடுத்ததுங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆன்லைன் பார்சலை அவர் வருவதற்குள் பிரித்து, அட்டைப்பெட்டியைக் கண்ணில் படாமல் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. நம் வீட்டில் நமக்கு ஒரு பொருள் வாங்குவதற்கு இப்படித் திருடி மாதிரி பயப்பட வேண்டுமா?

இதற்கு எங்கள் வீட்டில் 2021ல் இருந்து ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். டிசம்பர் தொடக்கத்தில் சம்பளம் கைக்கு வந்ததும், மளிகைக்கும் பிள்ளைகள் துணிக்கும் ஒதுக்கும்போதே இரண்டு கவர் போட்டுவிடுவோம். அவருக்கு 2,000 ரூபாய், எனக்கு 2,000 ரூபாய். ரொக்கமாகத்தான். அதில் ஆயிரம் ரூபாய்க்குள் ஒருவருக்கொருவர் பரிசு வாங்க வேண்டும். மீதி ஆயிரம் அவரவருக்கே. இதற்கு மூன்று சட்டம் உண்டு. முதலாவது, யாரும் யாரையும் கணக்கு கேட்கக் கூடாது. இரண்டாவது, சமையல் சாமானோ வீட்டுச் சாமானோ பரிசாகாது. மூன்றாவதுதான் கஷ்டமானது. கவர் பணத்தைப் பிள்ளைகளுக்குச் செலவழிக்கக் கூடாது! தாய்மார்களுக்கு இது சுலபத்தில் வராது. கை தானாகவே மகளுக்கு வளையல், மகனுக்கு ஷூ என்றுதான் போகும். பிள்ளைகளுக்கு அவர்கள் பங்கு தனியாகப் போய்விட்டது என்று மனசுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

முதல் வருஷம் அவர் எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்தார். என் பழைய செருப்பின் வாரை ஊக்கு குத்தித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அதை அவர் பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அவருக்கு ஒரு நல்ல மழைக்கோட்டு வாங்கினேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்துகொண்டேதான் பைக்கில் வேலைக்குப் போவார். இரண்டும் பெரிய விலை இல்லை. ஆனால் ஒருத்தருடைய தேவையை இன்னொருத்தர் கவனித்துப் பார்த்து வாங்கினது. எனக்கென்று இருந்த ஆயிரத்தில் என்ன வாங்கினேன் என்று சொல்ல மாட்டேன். அதுதான் சட்டமாயிற்றே!

கையில் மொத்தமாகப் பணம் புரளாத வீடுகளுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஜனவரியில் இருந்து வாரம் 80 ரூபாய் சீட்டு போட்டாலோ, உண்டியலில் போட்டாலோ 50 வாரத்தில் 4,000 ரூபாய். இரண்டு கவருக்கும் ஆயிற்று. அவ்வளவு முடியாதென்றால் ஆளுக்கு 300 ரூபாய் போதும். தொகை பெரிதாக இருக்க வேண்டாம், இரண்டும் சமமாக இருந்தால் சரி. சபை வாலிபர்களும் காலேஜ் பிள்ளைகளும் சீட்டு எடுத்து கிறிஸ்துமஸ் ஃப்ரெண்டுக்குப் பரிசு கொடுக்கிறார்களே, அதில்கூட இவ்வளவு ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்கிறார்கள். விளையாட்டாகச் செய்கிற பிள்ளைகளுக்கு இருக்கிற ஒழுங்கு குடும்பத்துக்கு வேண்டாமா?

"புருஷன் பெண்டாட்டிக்குள்ள என்ன கணக்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. கணக்கு வேண்டாம் என்பதற்குத்தான் இந்தக் கவர். "சம்பாதிக்கிறவர் அவர், உனக்கு எதுக்குச் சமமா?" என்றும் சிலர் கேட்பார்கள். அதற்குப் பதில் 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க, மனைவி இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் சொத்து வழக்கு அது. மனைவி வீட்டைக் கவனித்ததும் சொத்து சேர்த்ததில் ஒரு பங்குதான், அவருக்குச் சம பாதி உண்டு என்று தீர்ப்பு வந்தது. அதே வருஷம் செப்டம்பரில் தமிழக அரசு ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்கவில்லை. மகளிர் உரிமைத் தொகை என்றுதான் வைத்தார்கள். கோர்ட்டுக்கும் அரசாங்கத்துக்கும் புரிந்த விஷயம் நம் வீட்டுக்குள் புரிய எவ்வளவு நேரமாகும்?

"விட்டுக் கொடுப்பதுதானே அன்பு?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். ஓ. ஹென்றி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1905ல் எழுதிய கதை ஒன்றை கிறிஸ்துமஸ் சமயத்தில் பலரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஏழைத் தம்பதி. அவள் தன் நீளமான கூந்தலை விற்று அவன் கடிகாரத்துக்குச் சங்கிலி வாங்குவாள். அவனோ கடிகாரத்தை விற்று அவள் கூந்தலுக்குச் சீப்பு வாங்கி வருவான். கேட்கும்போது கண் கலங்கும். ஏன் தெரியுமா? இரண்டு பேருமே விட்டுக் கொடுத்தார்கள். அவள் மட்டும் கூந்தலை விற்க, அவன் கடிகாரத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தால் அதை யார் கதையென்று சொல்வார்கள்?

விட்டுக் கொடுக்க வேண்டிய வருஷமும் வரத்தான் செய்யும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி பொங்கி எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அந்த வருஷம் எங்கள் இரண்டு கவரையும் சேர்த்து, தண்ணீர் புகுந்த ஒரு வீட்டுக்குப் பாயும் போர்வையும் வாங்கிக் கொடுத்தோம். பழைய துணியில்தான் ஆராதனைக்குப் போனோம். ஒரு துளி வருத்தமில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அது. பேசாமலே ஒருத்தி பெயர் வருஷா வருஷம் விட்டுப்போவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

ஆகவே சகோதரிகளே, இந்தத் தடவை பட்டியல் போடும்போது வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயருக்கு நேரே என்ன தொகையோ, அதே தொகையை உங்கள் பெயருக்கு நேரேயும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம், முகம் தூக்கவும் வேண்டாம், சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். நம் மகள்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அம்மா தன் பெயரைக் கடைசியில் எழுதினால், நாளைக்கு அவர்களும் அப்படித்தான் எழுதுவார்கள். உங்கள் வீட்டில் என்ன வழக்கம் என்று நீங்களும் எழுதுங்களேன்!

- ஓர் இல்லத்தரசி, பாளையங்கோட்டை